சாவி எங்கே இருக்க வேண்டும்

1.

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் தொடங்கியது. எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே, வேலை கிடைக்கிற வரைக்கும் வீட்லதானே இருக்கே. ஆபத்து நேரத்துக்கு வீட்டை எப்படித் தயார் பண்ணணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதினேன்.

படி ஒன்று: குடிநீர் சேர்த்து வையுங்கள். படி இரண்டு: டார்ச், மாத்திரை, சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பையில். படி மூன்று: கேஸையும் மெயின் சுவிட்சையும் அணைக்க வீட்டில் எல்லோரும் பழகுங்கள். படி நான்கு: கிரில் கதவின் சாவி எல்லோர் கைக்கும் எட்டுகிற ஆணியில் தொங்கட்டும்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா அந்தத் தாளோடு வந்து நின்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்.

"மூணு வரைக்கும் பண்ணிட்டேன். நாலாவது எங்க வீட்டுக்கு ஆகாதும்மா."

ஏன் ஆகாது என்பதுதான் கதை. (கதைக்குள் அக்காவை 'அவள்' என்று எழுதுகிறேன்.)

2.

முதல் தொடக்கம்: சாவியைக் கையில் பிடித்தபடி அவள் தன் வாழ்க்கையை நினைத்— (வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் வாழ்க்கையை நினைப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: அவள் அப்பா பஸ் ஓட்டியவர். இப்போது மறதி நோய் முற்றிவிட்டது. கதவு திறந்திருந்தால் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். போன மாதம் அவரை டெப்போவில் கண்டுபிடித்தார்கள். நின்றிருந்த ஒரு பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நாலு பேர் ஏறி, வண்டியை எப்போது எடுப்பார் என்று காத்திருந்தார்கள்.*

சாவி ஆணியில் தொங்கினால் அப்பா தெருவில் இருப்பார். அவள் கையோடு எடுத்துப் போனால், தீப்பிடிக்கிற அன்று அப்பாவும் தம்பியும் பூட்டுக்குள் இருப்பார்கள். தம்பிக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம்.

(* இது அக்கா சொன்னது. நானாகக் கற்பனை செய்திருந்தால் ஒருவரோடு நிறுத்தியிருப்பேன்.)

3.

ஞாயிறு மதியம் ஒத்திகை. அவள் ஒரு சாவியைத் தம்பியின் மணிக்கட்டில் கட்டினாள்.

"நாய்க்குக் கட்டுற மாதிரி கட்டுறியேக்கா."

"நாயா இருந்தா சத்தம் கேட்டு எழுந்திருக்கும். படு. நிஜமாத் தூங்கு."

அதற்கு அவனுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அவள் சமையலறையிலிருந்து "தீ, தீ" என்று கத்தினாள். கரண்டியால் தட்டை அடித்தாள். தம்பி புரண்டு படுத்தான். அப்பாதான் எழுந்து வந்தார். அவள் தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். நாளெல்லாம் வெளியே போகத் துடிக்கிற மனிதர், வாசலில் நின்றுவிட்டார்.

"பின்னால ஒருத்தர் தூங்குறார் பாரு. அவரை எறக்கிவிட்டுட்டுத்தான் நான் எறங்குவேன்" என்றார்.

எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

4.

அக்காவிடம் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே படித்தார்.

"தட்டு அடிச்சது நெஜம். இவன் எழுந்திருக்காதது நெஜம். அப்பா இப்படியெல்லாம் சொல்லலையே."

"என்ன பண்ணார்?"

"கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டார். இழுத்தா உதைக்கிறார். சத்தம் மட்டும் போடலை. மூச்சுகூடக் கேக்கலை."

அந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உன் கதைல எங்க மாடியில எங்க வீடு மட்டும்தான் இருக்கா? எதிர வீடே கட்டலையா?"

கட்டியிருக்கிறது. அதில் நான் இருக்கிறேன். கூச்சத்தில் கதைக்குள் வராமல் இருந்துவிட்டேன்.

அவர் இன்னொரு சாவியை எடுத்து என் தாளின் மேல் வைத்தார்.

"எனக்கு பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். கடைக்கு நேரமாச்சு" என்று படி இறங்கிப் போய்விட்டார்.

5.

அதிலிருந்து தினமும் பதினோரு மணி வாக்கில் எதிர்வீட்டுக் கிரில் ஆடும். "வண்டி எடுக்கணும், கதவத் தெற" என்று குரல் வரும். நான் போய் இந்தப் பக்கம் நிற்பேன்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார்.

"எடுத்துட்டேங்க."

"அப்ப உக்காரு, கெளம்பிடலாம்" என்று சொல்லி உள்ளே போய்விடுவார். நாளுக்கு நாள் என் குரல் கொஞ்சம் சத்தமாக வருகிறது.

இப்போது மணி பதினொன்றரை. இந்தப் பகுதியை எழுதும்போதே கிரில் ஆடுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

(கேட்கவில்லை.)

எழுந்து போய்ப் பார்த்தேன். கிரிலுக்குப் பின்னால் உள்கதவு சாத்தியிருக்கிறது. கம்பி வழியாகக் கைவிட்டுத் தட்டினேன். பதில் இல்லை. தம்பியின் தூக்கம் உங்களுக்கே தெரியும். ஏதோ கருகுகிற வாசனை மாதிரி இருக்கிறது. கீழ்வீட்டு அடுப்பாகவும் இருக்கலாம். மேஜை மேலிருந்த சாவியை எடுக்கத் திரும்பி வந்தவள், நின்றபடி இதை எழுதுகிறேன்.

முடிவு (அ): அப்பா சும்மா தூங்குகிறார். நான் பூட்டைத் திறக்கிற சத்தத்தில் விழித்து, என்னை ஒதுக்கிவிட்டுத் தெருவில் இறங்குகிறார். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

முடிவு (ஆ): அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறார். நான் இங்கே முடிவுகளுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எது சரி என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் திறக்கப் போகிறேன். அவர் ஓடினால் படியில் வைத்துப் பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் பின்னாலேயே ஓட—