கரைக்குப் போன ஷூ

ஃபெர்மின் அன்றைக்கு டைக்கு ஆசைப்பட்டிருக்க வேண்டாம்.

சான் செபாஸ்தியான் நகரமே ஆகஸ்ட் திருவிழாவில் குதித்துக்கொண்டிருந்தது. மனைவி போன பிறகு, விரிகுடாத் தீவின் ஓரம் நங்கூரம் போட்ட பழைய பாய்மரப் படகில் ஒண்டிக்கட்டையாகக் கிடக்கும் அவருக்கு அந்த மேளச் சத்தம் வெறும் தலைவலி. ஆனால் இன்று மகள் மைடர் பில்பாவோவிலிருந்து வருகிறாள்.

போன வாரமே போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "நாலு மணிக்குத் துறைமுகப் படிக்கட்டுல நிப்பேன். என் கல்யாணத்தன்னிக்குச் சூரை மீன் பின்னாடி போனவன் நீ. இந்தத் தடவையும் வரலேன்னா, சத்தியமா இனிமே கூப்பிட மாட்டேன்பா."

படகில் வாழ்கிறவர்கள் தளத்தில் ஷூ போடுவதில்லை. பையில் எடுத்துப் போய்க் கரையேறியதும் மாட்டுவார்கள். ஃபெர்மினும் கறுப்பு ஷூவுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டு, செல்போனோடு பையில் வைத்து, கரைக்குப் போகிற குட்டித் துடுப்புப் படகில் இறக்கினார். அப்போதுதான் டை ஞாபகம் வந்தது. கயிற்றை அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனார். ஆயுசு முழுக்க மீன் பிடித்த மனுஷன் போடுகிற முடிச்சா அது! டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால், குட்டிப் படகு தன்பாட்டுக்குக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நீந்திப் பிடிக்கலாமா என்றால், அந்தக் காலத்து மீனவர்கள் பலரையும் போல அவருக்கும் நீச்சல் தெரியாது. வயர்லெஸ் போன வருஷமே ஊமையாகிவிட்டது. நம்மோடு யார் பேசப் போகிறார்கள் என்று அதைச் சரிசெய்யாமலே விட்டிருந்தார்.

இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். உல்லாசப் படகில் போன கூட்டம் மொத்தமும் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டியது. தண்ணீரில் யாரைக் கண்டாலும் கையாட்டுவதுதானே அங்கே வழக்கம்! பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் துடுப்புக்காரர்கள் கொஞ்சம் கிட்டத்தில் வந்தார்கள்.

"நில்லுங்கடா! என் படகு போயிடுச்சு!"

மேளச் சத்தத்தில் அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

"டையெல்லாம் கட்டிட்டீங்களே பெரியவரே, அசத்துங்க!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

நாலு மணி தாண்டியது. கரையில் எறும்பு மொய்த்த மாதிரி ஜனம். அதில் மகள் எங்கே என்று தெரியாமல் மொத்தக் கரைக்கும் கையாட்டினார். ஒருத்தரையும் அண்டவிடாமல் வாழ்ந்தவனுக்கு இது வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கை ஓய்ந்துபோய் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு ஒன்று குட்டிப் படகை இழுத்துக்கொண்டு வந்தது. அதில் மைடர். மடியில் அவருடைய பை.

ஏறியதும் அவர் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். "உயிரோடதான் இருக்கியா! நான் போன் மேல போன் போடறேன், இவங்க ஆளில்லாத படகை இழுத்துட்டு வர்றாங்க, அதுக்குள்ள அடிக்குது உன் போன்!"

"நான் வர மாட்டேன்னு நெனச்சிருப்பே."

"முதல்ல அப்படித்தான் நெனச்சேன். படகைச் சரியாக் கட்டாம விட்டுட்டு நீ உள்ள தூங்கிட்டிருப்பேன்னு ரயிலுக்குக் கெளம்பப் பார்த்தேன். அப்புறம் பையைத் தொறந்தாங்க. ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்துச்சு. நீ நெசமாவே கெளம்பியிருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அப்பத்தான் பயமே வந்துச்சுப்பா."

ஃபெர்மின் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"உனக்கு?"

"ஒரு கப்புதாம்மா இருக்கு. இன்னொண்ணு தேவைப்படல."

மைடர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஏழு மணி ரயிலைப் பிடிக்கணும். ஸ்டேஷன் வரைக்கும் வர்றியா?"

அவர் பையைப் பிரித்தார். தளத்தில் ஷூ போடக்கூடாது என்பதையே மறந்து, அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.