சக்களத்தி சீறினாள்

பாட்டு முடிந்ததென்று போதகர் புத்தகத்தை மூடப்போன நேரத்தில், எலினெட் கடைசி அடியை மறுபடியும் எடுத்தாள். துக்க வீட்டுக்காரியே எடுத்த பிறகு சபை சும்மா நிற்குமா? ஆண்கள் கட்டைக் குரலில் சேர்ந்துகொண்டார்கள். மனம் பொங்கினால் கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவது வேல்ஸ் மலைக்காரர்களின் வழக்கம்தான். எலினெட்டுக்கு அப்போது பொங்கவில்லை. அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது.

முன்னால் சவப்பெட்டியில் அவள் கணவர் இத்வால். கல்லறைக்குப் போனால் மோர்வித் இழுத்துத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். மோர்வித் என்பது மலைக் குட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின். அடுப்புத் தகடு அரித்து, அடிச்சட்டம் விரிசல் விட்டுக் கொட்டகையில் கிடந்தது. இனி தேறாது, சாயம் பூசி ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிடலாம் என்று ரயில் கமிட்டி கைவிரித்தபோதும் இத்வால் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடெல்லாம் மேசையில் ஆறிப்போயின. எலினெட் அந்த எஞ்சினைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள்.

இன்று, அவர் பழுதுபார்த்த எஞ்சினைச் சோதிக்கக் கீழே ஸ்டேஷனுக்குப் பாய்லர் பரிசோதகர் வந்திருக்கிறார். மகன் ஹவெல் நெருப்பு மூட்டியிருக்கிறான். உரிய அழுத்தத்தில் சேஃப்டி வால்வு தானே திறந்து சீறினால் மோர்வித் ஓடலாம். இல்லையென்றால் தேவாலய வாசலில் நிற்கிற சவ வண்டியில்தான் இத்வால் போகவேண்டும்.

அடக்கம் நடத்துகிற மெரெடித் குனிந்தார். "அக்கா, வண்டி காத்துக்கிட்டிருக்கு."

"காத்திருக்கட்டும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் காத்திருக்கலையா?"

மறுபடி எடுத்தாள். இத்வாலின் தங்கை நெஸ்டா அவள் முழங்கையை இடித்தாள்.

"அண்ணி, தொண்டை கட்டிப்போச்சு. எது வரைக்கும் பாடுறது?"

"அவ வாயத் திறக்குற வரைக்கும்."

"எவ?"

"உன் பெரிய அண்ணி."

நெஸ்டா சிரிப்பை அடக்க முகத்தைப் பாட்டுப் புத்தகத்தில் புதைத்துக்கொண்டாள்.

இன்னொரு முறை. குரல்கள் உடைய ஆரம்பித்தன. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது கீழே ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு சீற்றம் கிளம்பி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பாட்டு தானாக நின்றது. எலினெட்டுக்குப் பெருமை தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்த முறை கடைசி அடியை எடுத்தவர் கமிட்டித் தலைவர் ட்ரெவர். சாயம் பூசச் சொன்ன அதே ஆள்தான். கூரை பிய்ந்துவிடும்போலச் சபை பாடியது.

ஸ்டேஷனில், மோர்வித்தின் பின்னால் கோத்திருந்த கூரையில்லாத வேகனில் பெட்டியை ஏற்றினார்கள். கரி அப்பிய முகத்தோடு ஹவெல் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, பாஸாயிட்டா."

"கேட்டுச்சுடா. ஊருக்கே கேட்டுச்சு."

எலினெட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மோர்வித் மேட்டில் இழுத்து ஏறியது. புகை பின்னால் மடிந்து, பெட்டிமேல் வைத்திருந்த வெள்ளைப் பூக்களில் கரித்தூள் விழுந்தது. மெரெடித் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தார். எலினெட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடுங்க."

அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் விழுந்தது.