தொட்டியத்திலிருந்து வர வேண்டிய வேன்

ஏழு நாற்பத்தெட்டுக்கு விஜயராணியின் ஃபோனில் வந்து விழுந்த படத்தில் வேன் மட்டும் இருந்தது. ஆள் இல்லை. தொட்டியத்தில் அவளுடைய அண்ணன் வீட்டுத் தெருவில், முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் அப்பி, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. ஏழரைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய வண்டி. படத்துக்குக் கீழே டிரைவர் சேக் மைதீன், 'மேடம் யாரும் ஏறல' என்று எழுதியிருந்தார்.

விஜயராணி அப்போது ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே, ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகும் வழியில் இருந்த சின்னக் கல்யாண மண்டபத்தின் அறையில் பட்டுப்புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலை பாதி பின்னியிருந்தது. பின்னிக்கொண்டிருந்தவள் ஆன்சி, ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி. "தலைய ஆட்டாதீங்கக்கா, பூ நிக்க மாட்டேங்குது" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். கல்யாணப்பெண் அசையாமல் உட்காருவதாக இல்லை.

முப்பத்தொன்பது வயதில் இரண்டாவது கல்யாணம். சின்னதாகப் போதும் என்று அவளும் வரதுவும் சேர்ந்தே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தைந்து பேர். வரது ஸ்ரீரங்கத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நாற்பத்தைந்து வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டே பழகியவன். அவன் பக்கத்து ஆட்கள் நடந்தே வந்துவிடுவார்கள். அவள் பக்கத்து ஆட்களைத்தான் தீவுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஸ்ரீரங்கம் தீவு என்று அங்கே குடியிருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்; ஏதாவது ஒரு பாலத்தில் லாரி மல்லாந்தால்தான் அவர்களுக்கே அந்த நினைவு வரும். விஜயராணிக்கு ஒரு மாதமாக அதே நினைப்புதான். காவிரிப் பாலம், கொள்ளிடம் பாலம், எது எத்தனை மணிக்கு அடைத்துக்கொள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

சொல்லாமல் என்ன செய்வாள், பிழைப்பே அதுதானே. திருச்சியில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அவள் போக்குவரத்துப் பொறுப்பாளர். இருபத்து மூன்று பஸ், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். அந்த வேலையில் நேரத்தைப் பின்னாலிருந்துதான் போட வேண்டும். எட்டரைக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் சமயபுரத்தில் எத்தனை மணி, லால்குடியில் எத்தனை மணி என்று கழித்துக்கொண்டே போக வேண்டும். தன் கல்யாணத்துக்கும் அப்படியே போட்டாள். ஆபீஸ்காரர்களுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். தொட்டியத்துக்காரர்களுக்கு சேக் மைதீன் ஏற்பாடு செய்த வேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பயணம் ஒன்றேகால் மணி நேரம். மண்டபத்துச் சந்துக்குள் வேன் நுழையாது, தெருமுனையில் இறங்கி ஆட்டோ பிடிக்கப் பத்து நிமிஷம். கழித்துப் பார்த்தால் ஏழரை வந்தது. நாலு நாளைக்கு முன்பே உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாயிற்று. கல்லூரி பஸ்ஸுக்கு எழுதி வைத்திருந்ததையே எடுத்து ஊர்ப் பெயரையும் நேரத்தையும் மட்டும் மாற்றினாள்: 'திங்கள் காலை சரியாக 7.30க்கு வேன் புறப்படும். யாருக்காகவும் காத்திருக்காது.'

சேக் மைதீனைக் கூப்பிட்டாள்.

"என்னண்ணே ஆச்சு? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். எல்லாரும் ரெடி. பட்டுப்பொடவ, தலையில பூ, கையில பையி. ஆனா ஆளாளுக்கு அவங்கவங்க வாசப்படிக்கு உள்ள நிக்கிறாங்க. படிய மட்டும் தாண்டல. டீ வேணுமான்னு கேக்குறாங்க, உள்ள நின்னுகிட்டே கைய நீட்டிக் குடுக்குறாங்க. நான் ரெண்டு டீ குடிச்சிட்டேன்."

"நீங்க எத்தன மணிக்குப் போனீங்க?"

"ஏழு இருவதுக்கே வந்துட்டேனே."

ஏழு இருபதுக்கு வந்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் ஒரு கல்யாண வீடு கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது. ஏழரைக்கு அப்புறம் என்ன வந்தது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவள், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தாள். அதில் அன்றைய தாள் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கள். ராகு காலம் 7.30 – 9.00.

அதை இரண்டு தடவை வாசித்தாள். தொட்டியத்தில் பிறந்தவள். திங்கள் ஏழரை என்பது பால்குடி மறப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்கிற பாடம். அந்த நேரத்தில் ஆட்டுக்குட்டியைக்கூட அவிழ்த்து விடமாட்டார்கள். அந்த ஊர்க்காரியே ஏழரைக்குக் கிளம்பு, சரியாகக் கிளம்பு, காத்திருக்காது என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"என்னடிம்மா, மொகம் ஏன் இப்படி வெளிறிப்போச்சு?" என்று கேட்டபடி வைதேஹி உள்ளே வந்தாள். வரதுவின் அம்மா. முழங்கால் வலியோடு மண்டபத்தின் மூன்று படிகளைக் காலையிலிருந்து இருபது தடவை ஏறி இறங்கியிருப்பாள். விஜயராணி காலண்டரைக் காட்டினாள். வைதேஹி அதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நீ போட்டிருந்ததை வரது அன்னிக்கே காமிச்சான். ஏழரைன்னு இருக்கேன்னு கேக்கணும்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. உங்காத்துப் பழக்கம் வேறயோ என்னமோ, வர்ற மாட்டுப்பொண்ணை மொதல் நாளே அதட்டற மாதிரி ஆயிடுமேன்னு வாயை மூடிண்டேன்."

அங்கே தொட்டியத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அண்ணி மயிலம்மாளைக் கூப்பிட்டபோது தெரிந்தது. ஐயங்கார் வீட்டில் பெருமாளை நம்பினவர்களுக்கு ராகுவாவது கேதுவாவது என்று இருப்பார்கள் போல, நாம் கேட்டால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்கள் என்று அவர்களும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் இத்தனை மரியாதை பார்த்து ஒரு வேனைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஒம்போது அடிச்சதும் ஏறிடுறோம் ராணி, நீ கலங்காத" என்றாள் மயிலம்மாள்.

"அண்ணன்கிட்ட ஃபோனக் குடுங்கண்ணி."

அண்ணி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அவரு தோப்புக்குப் போயிட்டாரு. ஃபோனு இங்கதான் கெடக்கு. நீ அனுப்புனத அன்னிக்குப் படிச்சாரு. படிச்சிட்டு ஃபோனக் கவுத்து வெச்சவருதான்."

"ஏன், என்னாங்குறாரு?"

"சொன்னா வருத்தப்படக் கூடாது. 'ஒருவாட்டி நான் தாரை வாத்துக் குடுத்தது வெளங்கல. இந்தவாட்டி என் கை வேணாமுன்னு நெனைக்கிறா. வாயால சொல்ல முடியாம நேரத்தப் போட்டுச் சொல்லியிருக்கா'ன்னாரு. அப்படியெல்லாம் இருக்காதுன்னு நானும் நாலு நாளாச் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க எல்லாரும் போங்க, நான் வரலைங்குறாரு."

ஆன்சி பின்னுவதை நிறுத்திவிட்டாள். விஜயராணி ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

அப்பா இல்லாத வீட்டில் அவளுடைய முதல் கல்யாணத்தை நடத்தியவன் அண்ணன் வீரமலைதான். மூன்று ஜோசியரிடம் பார்த்தான். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிற நிமிஷம், மணவறையில் உட்காருகிற நிமிஷம், மறுவீடு வருகிற நிமிஷம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கையில் கடிகாரத்தோடு நின்றான். ஒன்றும் தப்பவில்லை. மாப்பிள்ளை துபாய்க்குப் போய், நாலாவது வருஷம் அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று தெரியவந்ததுதான் மிச்சம். அவள் பெட்டியோடு ஊர் வந்து இறங்கிய அன்று வீரமலை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறம் பன்னிரண்டு வருஷத்தில் என்றைக்கும் இல்லை. திருச்சிக்கு வந்து வேலை தேடிக்கொண்ட பிறகு அவள் நாள் நட்சத்திரம் பார்ப்பதை விட்டுவிட்டாள். கோபத்தில் விட்டதுகூட இல்லை. பஸ் நேரத்தில் மூழ்கி மற்ற நேரங்கள் தானாக உதிர்ந்துபோயின. அண்ணனுக்கு அது உதிரவில்லை. அவன் அந்த ஒன்பது பொருத்தத்தையும் சுமந்துகொண்டு தோப்புக்குப் போய்வந்துகொண்டிருக்கிறான். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அவரு வரலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரிந்தது. வைதேஹி கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி வெளியே போய், சாஸ்திரிகள் வாசல்வரை வந்து நின்றார். நல்ல மனுஷர், அவசரக்காரர். "பத்தரைக்கு மேல எமகண்டம். அதுக்குள்ள மாங்கல்யதாரணம் ஆகணும்மா. தாரை வார்க்கத் தமையனார் இல்லேன்னா சித்தப்பா, பெரியப்பா யாரானாலும் சாஸ்திரம் ஒத்துக்கும்" என்றார். வேனில் வரப்போகிற சித்தப்பா ஒருவர் இருக்கத்தான் இருக்கிறார். யார் கூப்பிட்டாலும் தயாராக நிற்பவர். விஜயராணி மறுபடி ஃபோனை எடுத்தாள்.

அவருக்குப் பின்னால் வரது வந்தான். புது வேஷ்டி அவன் பேச்சைக் கேட்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "வேணும்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாமா? எனக்கு ஒண்ணும் இல்லை" என்றான்.

"நாப்பத்தஞ்சு வருஷம் தள்ளினது போறாதோ? போய் வேஷ்டியைச் சரியாக் கட்டிண்டு வா" என்றாள் வைதேஹி.

ஒன்பதாகிற வரைக்கும் அந்த அறையில் நேரம் நகரவேயில்லை. ஆன்சி பூவை வைத்தாள், சரியில்லை என்று எடுத்தாள், மறுபடி வைத்தாள். விஜயராணி அண்ணனின் நம்பருக்கு ஆறு தடவை அடித்தாள். அது தொட்டியத்தில் வீட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது என்று தெரிந்தே அடித்தாள். ஒரு தடவை அண்ணி எடுத்து, "நான்தாண்டி" என்றாள். அதற்கப்புறம் அடிக்கவில்லை.

ஒன்பது இரண்டுக்கு சேக் மைதீன் கூப்பிட்டார். பின்னணியில் ஒரே சத்தம். "ஏறிட்டாங்க மேடம். ஒம்போதாச்சு பாருங்க, தண்ணி தொறந்துவிட்ட மாதிரி வந்தாங்க. இருவத்தாறு பேர். முன் சீட்டு மட்டும் காலி. அதுல ஒரு பை இருக்கு, உங்க அண்ணி அதப் பாத்துட்டு அழுவுறாங்க. நீங்களே பேசுங்க."

விஜயராணி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். மயிலம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "ராணி, இது உங்கண்ணன் பையிடி. மஞ்சப்பை. நீலக் கயிறு நான்தான் தச்சேன். டிரைவரக் கேட்டா, வண்டி வந்து நின்னதுமே லுங்கியோட ஒருத்தரு டிவிஎஸ்ல வந்து குடுத்தாராம். 'பரஸ்தானம், ஏழரைக்குள்ள வைக்கணும், முன் சீட்டுல வைங்க'ன்னாராம். யாருன்னு கேட்டதுக்குப் பொண்ணுக்கு அண்ணன்னாராம்."

விஜயராணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆன்சிக்கு வைதேஹி சொன்னாள்: "நேரம் சரியில்லாதப்போ கெளம்பித்தான் ஆகணும்னா, நல்ல நேரத்துல ஒரு துணியையோ பையையோ முன்கூட்டியே வெளில அனுப்பி வெச்சுடறது. அதுக்கப்புறம் மனுஷா எப்போ கெளம்பினாலும் அந்த நல்ல நேரத்துல கெளம்பினதாத்தான் கணக்கு."

"அப்ப ஆளு எங்கண்ணி?" என்றாள் விஜயராணி ஃபோனில்.

"தெரியலியே. வர்ற வழியில தோப்புக்கிட்ட நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்குறேன்."

இருபது நிமிஷத்தில் மறுபடி பேசினாள். தோப்பில் ஆள் இல்லை. மோட்டார் கொட்டகை பூட்டியிருக்கிறது. டிவிஎஸ்ஸும் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் எட்டு மணிக்கே வண்டிச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார். எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லையாம். உரக்கடைக்கும் அந்த வழிதான், முசிறிக்கும் அந்த வழிதான், ஸ்ரீரங்கத்துக்கும் அந்த வழிதான். விஜயராணி கணக்குப் போட்டாள். எட்டு மணிக்குக் கிளம்பிய டிவிஎஸ் ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு மணி நேரம். நடுவில் டீக்கு நின்றால், பெட்ரோலுக்கு நின்றால், டோல்கேட்டில் வழி கேட்டால். மனம் மாறித் திரும்பினால் அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

சேக் மைதீன் விரட்டியதில் வேன் பத்து பதிமூன்றுக்கே தெருமுனையில் வந்து நின்றது. சந்து முழுக்கத் தொட்டியத்துப் பேச்சு. "ஆட்டோல்லாம் எதுக்கு, நடந்தே போயிரலாம்" என்று பாதிப் பேர் நடந்தார்கள். மயிலம்மாள் எல்லாருக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாக வந்து பையை விஜயராணியின் மடியில் வைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். அழுதால் மை கலையும் என்று ஆன்சி மட்டும் பதறினாள்.

"அவர் வந்தா வேஷ்டி மாத்திக்க எடம் வேணுமோல்லியோ, இந்த ரூமைப் பூட்டாதேங்கோ" என்று வைதேஹி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள்.

பையில் மடித்த வேட்டி ஒன்று. அதன்மேல் டப்பாவோடு ஒரு புதுச் சட்டை. வெள்ளை, அரைக்கை. கடைக்காரன் கட்டிக்கொடுத்தபடியே இருந்தது. கழுத்துக்குள் அட்டை, பட்டனுக்குக் கீழே பிளாஸ்டிக், கையைப் பின்னால் மடித்துக் குண்டூசி. புதுச் சட்டையைப் பிரித்துப் போட எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். வீரமலைக்கு அந்தப் பெரிய விரல்களால் பத்து நிமிஷம் ஆகும்.

மணி பத்து பதினெட்டு. வெளியே நாதஸ்வரம் சட்டென்று ஏறியது. "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்று சாஸ்திரிகள் குரல் கொடுத்தார். சித்தப்பா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். மயிலம்மாள் அறை வாசலில் நின்று சந்தின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயராணி ஸ்டூலில் குனிந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி ஆன்சியின் உள்ளங்கையில் போட்டாள். கையில் இரண்டு. முதுகில் ஒன்று. கழுத்து அட்டையை உருவியபோது ஒரு ஊசி விரலில் ஏறியது. ரத்தம் சட்டையில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "அக்கா, கூப்புடுறாங்க" என்றாள் ஆன்சி. "இரு" என்றாள். பட்டன்களை மேலிருந்து கீழ்வரை கழற்றிவிட்டாள், அண்ணன் வந்ததும் கையை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி. இரண்டாவது தடவை சாஸ்திரிகளின் குரல் வந்தது. அவள் சட்டையைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறினாள். காலருக்கு அடியில் இன்னும் ஒரு ஊசி மினுங்கியது.