ஏற்றிப்போன வண்டி

குப்புராஜ் சாரத்திலிருந்து விழுந்தபோது தனம் கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து சிமெண்டு மூட்டையை உருட்டிவிட்ட மாதிரிதான் கேட்டது. அவள் திரும்பவில்லை. மேலே நின்றவர்கள் கத்திய பிறகுதான் திரும்பினாள். விழுந்து கிடந்தது அவள் புருஷன்.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடையைத்தான் கம்பி கிழித்திருந்தது. துண்டை இறுக்கிக் கட்டினார்கள். கட்டக் கட்ட நனைந்தது.

"தனம், தண்ணி குடு" என்றான். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

மேடவாக்கத்தில் அது ஆபீசுக்குப் போகிற நேரம். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டு நெரிசலில் நிற்பதாகப் போனில் சொன்னார்கள்.

தெருமுனையில் குப்பை எடுத்துக்கொண்டிருந்த யூனிஸ் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தாள். திரும்பி ஓடினாள். பேட்டரி வண்டியிலிருந்த குப்பைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டு, வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்து நிறுத்தினாள்.

"அக்கா, தூக்கி வைங்க. சந்துலயே பூந்து பூந்து போய்டலாம். இது எங்கியும் மாட்டாது."

தனம் வண்டியைப் பார்த்தாள். தகட்டில் ஈரம். ஓரத்தில் எச்சில் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

"இதுலயா? செத்த நாய ஏத்தற வண்டில எம்புருசன ஏத்துவியா? எங்கள இன்னான்னு நெனச்சினுகீற?"

"நாய் நேத்து ஏத்துனதுக்கா. கழுவிட்டேன்."

"நீ போ. தோ, சாரு காரு கீது."

கார் இருந்தது. கேட்டுக்குள் உறை போட்டு நின்றது. வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் கீழே குடியிருந்துகொண்டே மேலே மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். அவர் தங்கமானவர் என்று தனம் கூடுவாஞ்சேரிச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். காரைத் தவிர அவரைப் பற்றி அவளுக்கு வேறெதுவும் தெரியாது.

அவர் வெளியே வந்தார். பதறத்தான் செய்தார். "அடடா... கார்லயே போயிடலாம்மா. சாவி எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே போனார்.

அவர் மனைவி சுந்தரவல்லியின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது. "வெள்ளை சீட்டுன்னா! பழைய பெட்ஷீட் எதையாவது போட்டுக்கோங்கோ."

"எங்கே வெச்சிருக்கே?"

"பரண்ல பாருங்கோ."

உள்ளே ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

குப்புராஜ் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தான். "குளுருது" என்றான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒதடு வெளுத்துகினு வருது. கவுரத அப்பறம் பாக்கலாம்க்கா" என்றாள் யூனிஸ்.

"தோ வந்துட்டாரு பாரு."

வந்தார். காரின் உறையை உருவிக் கதவைத் திறந்தார். முதலில் செய்தித்தாள், அதன் மேல் பெட்ஷீட். முனைகளைச் சீட்டின் இடுக்கில் செருகினார். ஒரு முனை நழுவியது. மறுபடியும் செருகினார். அப்புறம்தான் தொடையைச் சரியாகப் பார்த்தார்.

"இவ்ளோ பிளட் போறதே... வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ஆம்புலன்ஸே வந்துடட்டும்மா. அதான் சேஃப்."

கூட வேலை செய்த கொத்தனார் ஒருவன் காறித் துப்பினான். யாரையும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினான், இன்னொருவன் காலைப் பிடித்தான். குப்பை வண்டியில் கிடத்தினார்கள். தனம் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினாள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் நிற்பார்கள்.

யூனிஸ் சொன்னபடியே வண்டி எங்கும் மாட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் முந்தானையை விலக்கியபோது கண் திறந்தபடி இருந்தது. எந்தத் தெருவில் மூச்சு நின்றது என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

குப்புராஜின் அண்ணன் அரிகிருஷ்ணன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து சேர்ந்தபோது தனம் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். யூனிஸ் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அரிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் கேட்டார்:

"எதுலம்மா இட்டாந்தீங்க?"

தனம் யூனிஸைப் பார்க்கவில்லை.

"சாரு கார்லதான், மாமா. அவரே ஓட்டினு வந்தாரு."

"பெரிய மன்சன்" என்றார் அரிகிருஷ்ணன். கையெடுத்துக் கும்பிட்டார். "கூலிக்காரனுக்கு யாரு செய்வா இப்டி? சொந்தத் தம்பியாட்டம் பாத்துகீறாரு." அப்புறம்தான் குப்பை எடுப்பவர்கள் போடும் கோட்டுடன் நின்ற யூனிஸைக் கவனித்தார். "இது யாரு?"

தனம் பாட்டிலின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தெருவுல வேல செய்றேன்ணா" என்றாள் யூனிஸ். "சும்மா பாக்க வந்தேன்."

"செரி. கொஞ்சம் அந்தாண்ட நில்லும்மா. வூட்டு ஆளுங்க வந்துகினுகீறாங்க."

தனம் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

யூனிஸ் தள்ளிப் போய் நின்றாள்.