நாலாவது ஸ்க்ரூ

பத்து நாற்பத்திரண்டு. தமிழரசி கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். டப்பாவைத் தரையில் சாய்த்தாள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள்.

பதினோரு மணிக்குக் குரல் தேர்வு. போர்ட் பிளேரில் ஒரு வானொலி நிலையம், தமிழ்ச் செய்தி வாசிக்க ஒரே ஓர் இடம். ஆன்லைனில் வாசிக்க வேண்டும். பின்னால் சத்தம் கேட்டால் அங்கேயே கழித்துக்கட்டிவிடுவார்கள். அவர்கள் இருந்த ரங்கத் ஊரில் மொபைல் சிக்னல் விடிந்ததிலிருந்தே செத்துக் கிடந்தது. வயர் லைன் வருவது இந்தக் கிழட்டு டப்பாவுக்கு மட்டும்தான். நேற்று வரை பூனையாக இருந்த அதன் ஃபேன், இன்று காலை மர மில்லாக அலறியது.

டார்ச் பிடித்து நின்ற கணவன் அருண்பிரசாத் பஸ் டிரைவர். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியாயிற்று. வேலை கிடைத்தால் அவள் போர்ட் பிளேரின் லம்பா லைனில் அக்கா வீட்டில் தங்க வேண்டும், அவன் பஸ்ஸோடு இங்கே. அதைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை.

"அரே, சோடோ, விட்டுடு தமிழ். துருப்பிடிச்சது, வராது."

வந்தது. வெண்ணெயில் விரல் விட்டாற்போல.

தமிழரசிக்குச் சுருக்கென்றது. கடல் காற்று தின்ற ஸ்க்ரூ இந்த ஊரில் சும்மா கழலாது. முதல் நாளே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறப்போட வேண்டும். அவள் விடவில்லை. ஆனால் வாசம் அடித்தது. போதாததற்கு நான்கு துளையில் ஒன்று காலி.

"நீங்க இதைத் தொறந்தீங்களா?"

"நானா? டூட்டி முடிஞ்சு வந்து கட்டையா விழுந்தவன்."

விசாரிக்க நேரமில்லை. கழற்றிய மூன்றையும் மேஜைமேல் வைத்து மூடியைத் தூக்கினாள். தூசியை ஊதிவிட்டு ஃபேனை விரலால் சுற்றினாள். டக். மறுபடி டக். கம்பி வலைக்குள் ஓர் ஈர்க்குச்சி, இறக்கையை உரசிக்கொண்டு. விளக்குமாற்றிலிருந்து விழுந்ததா? உருவி எறிந்தாள்.

பத்து ஐம்பத்தொன்று. பிளக்கைச் செருகினாள். அந்தக் கம்ப்யூட்டர் கண் விழிக்க ஆறு நிமிஷம். நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள். ஃபேன் மூச்சுக் காட்டாமல் சுற்றியது.

பதினோரு மணிக்குத் திரையில் ஒரு பெண்மணி தோன்றினார். தமிழரசி தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள். குரல் சுத்தமாக இருக்கிறது, ஒன்றாம் தேதி வந்து சேருங்கள் என்றார் அவர்.

திரை அணைந்தது. அவள் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் அருண்பிரசாத் பிளக்கை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து மூடியை மாட்டிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்க்ரூக்களை முடுக்கினான். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய் வந்தது.

நாலாவதையும் முடுக்கினான்.

"அது எங்கேருந்து வந்துச்சுங்க?"

அவன் கை நின்றது. திரும்பவில்லை.

"நேத்து பாக்கெட்ல போட்டேன், மறந்துட்டேன்" என்றான் மெதுவாக. "அந்த ஈர்க்கும் நான் வெச்சதுதான், தமிழ்."