லிஃப்ட்டை நிறுத்தியவர்

தட்... தட்... தடதடவென்று மாடிப்படியில் ஏதோ உருண்டு வரும் சத்தம். கருவிப் பையோடு வாசலில் நுழைந்த மெக்கானிக் சுவரோரம் ஒதுங்கினார். முதலில் ஒரு வெங்காயம் வந்தது. பின்னாலேயே அதன் குடும்பம் மொத்தமும் வந்தது. கடைசியாக, கைப்பிடி அறுந்த பை ஒன்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போலச் சரிந்து வந்து அவர் காலடியில் படுத்தது.

"வந்துட்டீங்களா?" மூன்றாவது மாடி வளைவிலிருந்து அவர் மனைவியின் குரல். "வந்திருந்தா பொறுக்கிட்டு வாங்க. வரலேன்னா அங்கேயே கிடக்கட்டும். இனிமே என்னால ஒரு படி இறங்க முடியாது."

"வந்துட்டேன்."

"நல்லது. அப்படியே அந்த லிஃப்ட்டையும் ஒரு பார்வை பாருங்க. ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் உங்க கை பட்டா பறக்குதாம். நாம குடியிருக்கிற கட்டடத்து லிஃப்ட்டுக்கு மட்டும் உங்க மேல என்ன கோபம்னு கேட்டுட்டு வாங்க."

மெக்கானிக் குனிந்து வெங்காயம் பொறுக்கினார். எதிரில் பாதி திறந்திருந்த கீழ்வீட்டுக் கதவு முழுதாகத் திறந்தது. குடியிருப்போர் சங்கத்து செகரட்டரி, கையில் ஒரு வெங்காயத்தோடு நின்றார். அது அவர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது போலிருக்கிறது.

"இதுவும் உங்களோடதுதான்" என்று நீட்டினார். "ஏங்க, நான் தெரியாமத்தான் கேட்கிறேன். டாக்டர் வீட்டுல காய்ச்சல் இருக்கலாம், தப்பில்ல. ஆனா டாக்டரே வீட்டுல இருந்துக்கிட்டு, மருந்து வரணும் மருந்து வரணும்னு மாசக்கணக்கா சொன்னா எப்படி?"

"பார்ட் வரணும் சார். ஆர்டர் போட்டாச்சு."

"எந்த ஊர்ல இருந்து வருது? நடந்து வருதா? மேல் மாடியில இருக்கிற என் மாமியார் பையைத் தூக்கிட்டுப் படியேறும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஓடலேன்னா உங்க சூப்பர்வைசருக்கே போன் போட்டு வேற ஆளை அனுப்பச் சொல்லிடுவேன். வருத்தப்படாதீங்க."

வருத்தமில்லை, பயம்தான் வந்தது மெக்கானிக்குக்கு. வேறு ஆள் வந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். லிஃப்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. கீழ்த்தளத்தில் பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்னச் சாவித்துளையில் சாவியைத் திருப்பி, அவர்தான் நிறுத்தி வைத்திருந்தார். நல்ல லிஃப்ட்டைக் கெட்டுப்போனதாகச் சொன்ன மெக்கானிக்கை அந்தக் கம்பெனி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும். முன்பு ஒருவனை அனுப்பியும் இருக்கிறது.

சாவி அவருடைய காக்கி பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டே படியேறினார்.

இப்படி ஒரு கிறுக்கு வேலையை அவர் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. வேறு எல்லா வழியும் தோற்றுப்போய்த்தான் செய்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை தைப்பது. காலையில் மிஷின் முன் உட்கார்ந்தால் ஊசி நூலுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடதுபக்கம் பிஸ்கட் டப்பா, வலதுபக்கம் டீ ஃபிளாஸ்க். சாப்பாட்டுத் தட்டும் மிஷின் பலகைக்கே வரும். இரவானால் அதே நாற்காலியை டீவிப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்தடுத்து நாலு சீரியல்.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவள் அசரவில்லை. "இப்ப மாத்திரை வேண்டாம். நடங்க, உட்கார்ந்தே இருக்காதீங்க, நேரத்துக்குத் தூங்குங்க. அடுத்த டெஸ்ட்ல குறையலேன்னா மாத்திரை, அதுக்கும் கேட்கலேன்னா ஊசி" என்றார் டாக்டர்.

"நாள் முழுக்க என் கால் மிஷின்லதானே இருக்கு டாக்டர்" என்றாள் அவள்.

இருந்த காலம் உண்டு. முன்பெல்லாம் அவள் மிதித்துத்தான் தைத்தாள். பாவம், கால் வலிக்குமே என்று அந்த மிஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தவர் மெக்கானிக். இப்போது பெருவிரலால் லேசாக அழுத்தினால் போதும். அந்த மோட்டாரை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மண்டையிலேயே நாலு போடலாம் போலிருக்கும்.

நடப்பதற்கென்று ஷூ வாங்கிக் கொடுத்தார். ஒன்றில் பட்டன், ஒன்றில் நூல்கண்டு என்று போட்டு வைத்தாள். "நல்ல ஆழமா இருக்குங்க, வசதியா இருக்கு" என்று பாராட்டும் வந்தது. நடையை எண்ணும் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். அதை மிஷின் தலையில் மாட்டிவிட்டுத் தைத்தாள். அந்த அதிர்வில் அது எண்ணித் தள்ளிவிட்டது. சாயங்காலம் அவரிடம் நீட்டி, "பாருங்க, எவ்வளவு தூரம் போயிருக்கேன்னு" என்றாள். வாட்ச்சும் அதன் பங்குக்கு 'சபாஷ்' என்று எழுதிக் காட்டியது.

"இது மிஷின் நடந்தது."

"மிஷின் யாரோடது?"

அன்றைக்கு ராத்திரிதான் அவர் கீழே போய்ச் சாவியைத் திருப்பினார்.

கணக்கு சுலபம். லிஃப்ட் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் எவரும் நாலு மாடி ஏற மாட்டார். கீழே நின்று போன் செய்வார். இவள் இறங்கித் துணி வாங்க வேண்டும், ஏற வேண்டும். தைத்ததைக் கொடுக்க மறுபடி இறங்க வேண்டும், ஏற வேண்டும். அப்படியே நடந்தது. ஏறும்போதெல்லாம் அவள் திட்டினாள். முதல் மாடியில் லிஃப்ட்டை, இரண்டாவதில் கம்பெனியை, மூன்றாவதில் அவரை, நாலாவதில் அவரைப் பெற்றவர்களை.

ஒரே ஒருவருக்கு மட்டும் உண்மை தெரியும். மூன்றாம் மாடியில் கைத்தடியோடு இருக்கும் பெரியவர். அவரால் படியேற முடியாது. அவரைச் சிக்க வைக்க மெக்கானிக்குக்கு மனம் வரவில்லை. மேலே தையல் மிஷின் சத்தம் கேட்கும் நேரமாகப் பார்த்து, சாவியைத் திருப்பி அவரை இறக்கிவிடுவார், ஏற்றிவிடுவார்.

"பொண்டாட்டிக்காக மலையைப் பெயர்த்தவன் கதை கேட்டிருக்கேன்" என்பார் பெரியவர், லிஃப்ட்டுக்குள் நின்றபடி. "பொண்டாட்டியை மலையேத்தறவனை இப்பத்தான் பார்க்கிறேன். மாட்டுனா நான் உன்னைக் காட்டிக் கொடுத்திடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உங்களை நம்பித்தானே ஐயா வேலையே இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். நம்பாதே."

வீட்டுக்குள் வெங்காயப் பையை இறக்கி வைத்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். முகத்தில் வேர்வை. பிஸ்கட் டப்பா திறந்திருந்தது, காலியாக.

"தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்து ரொம்ப நாளாச்சு. அதுக்குன்னு யாரு இறங்குறது? பிஸ்கட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பது தெரிந்தால் ஆபத்து. அந்த ராத்திரி முதல் சீரியல் முடிவதற்குள்ளேயே அவள் தூங்கிப் போனாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். சீரியல் நாயகியை யார் கடத்தினார்கள் என்றே அவளுக்குத் தெரியாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை டெஸ்ட் முடிவு வந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே. மாத்திரை இப்ப வேண்டாம். என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர். லிஃப்ட் ரிப்பேர்."

"அப்ப ரிப்பேராவே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

மெக்கானிக் கூரையில் சுற்றிய மின்விசிறியைத் தீவிரமாக ஆராய்ந்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "அவங்க டெஸ்ட் மிஷின் ரிப்பேரா இருக்கும். சும்மா படி ஏறினதுக்கெல்லாம் சர்க்கரை இறங்குமா? அப்படிப் பார்த்தா செங்கல் சுமக்கிறவங்க யாருக்கும் வியாதியே வரக்கூடாதே."

"ஏறினதோட விட்டியா? பிஸ்கட் போச்சு. நேரத்துக்குத் தூங்குறே."

"அதெல்லாம் களைப்புல நடந்தது. நானா செஞ்சதா?"

இவளிடம் பேசி ஜெயித்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலையா, வைராக்கியமா என்று பார்த்ததில் வேலை ஜெயித்தது. மத்தியானம் அவர் லிஃப்ட் முன்னால் கருவிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் எதையோ முடுக்கி, எதையோ தட்டி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு உடம்பால் மறைத்துச் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது.

"பார்ட் வந்துடுச்சா?" என்றார் செகரட்டரி.

"வந்துடுச்சு சார்."

"நல்லது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னொரு தடவை நின்னா உங்ககிட்டப் பேச மாட்டேன். நேரா கம்பெனிக்குத்தான் போன்."

மறுநாளிலிருந்து மெக்கானிக் தன் வீட்டில் நடப்பதை வயிற்றெரிச்சலோடு பார்த்தார். வாடிக்கையாளர்கள் மேலே வந்தார்கள். அவள் குப்பைக்கூடையைக் கொண்டுபோகவும் லிஃப்ட்டில் போனாள். மூன்றாம் மாடிப் பெரியவரிடம் பேச, ஒரே ஒரு மாடி இறங்க, லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றாள். பிஸ்கட் டப்பா நிறைந்தது. கடத்தப்பட்ட நாயகியும் மீட்கப்பட்டாள். அதையும் அவள் கண்விழித்திருந்து பார்த்தாள்.

"படியில போகலாமே" என்றார் ஒருநாள், பொறுக்க மாட்டாமல்.

"லிஃப்ட் எதுக்கு இருக்கு?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நாளையிலருந்து ஏறுறேன்."

நாளை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. அவள் லிஃப்ட் வாசலில் வந்து நிற்பாள், படியை ஒரு பார்வை பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், பட்டனை அழுத்துவாள். போதும், இனி இவளாச்சு, இவள் சர்க்கரையாச்சு என்று மெக்கானிக் கையைக் கழுவிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது, கீழ்த்தளத்தில் செகரட்டரி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். லிஃப்ட்டில் விளக்கு இல்லை.

"வாங்க" என்றார். "நின்னுடுச்சு உங்க பார்ட்."

"இல்ல சார், நின்னிருக்காது. காலையில நல்லாத்தானே..."

"உங்க கண்ணால பாருங்க. நான் சொன்னதைச் செய்யப் போறேன். தப்பா நினைக்காதீங்க."

மெக்கானிக் பட்டனை அழுத்தினார். அசைவில்லை. குனிந்து பார்த்தார். சாவித்துளை, நிறுத்தும் பக்கம் திரும்பியிருந்தது. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. சாவி இல்லை. கீழே விழ வழியுமில்லை. பாக்கெட்டில் இருந்த பழைய ஓட்டையை யாரோ எப்போதோ நறுவிசாகத் தைத்திருந்தார்கள்.

செகரட்டரி எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் தள்ளிப் போய்ப் பெரியவருக்குப் போன் போட்டார்.

"ஐயா, சாவி உங்ககிட்டயா? விளையாடாதீங்க, வேலை போயிடும்."

"என்கிட்ட எதுக்குய்யா சாவி? எனக்கு லிஃப்ட் ஓடணும்."

"நின்னு போச்சே. நீங்க எங்க இருக்கீங்க? கீழேயா?"

"நான் எப்பவோ சொகுசா மேல வந்துட்டேன். உன் ஆள்தான் ஏத்திவிட்டது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பெரியவர் போனை வைத்துவிட்டார்.

உன் ஆள் என்றால் யார் என்று யோசிக்க மெக்கானிக்குக்கு நேரமில்லை. செகரட்டரியின் போனில் மணி போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. நானே பார்த்து..."

"போதுங்க. வேற ஆள் வந்து பார்க்கட்டும்."

மணி நின்றது. "வணக்கம், சர்வீஸ் பிரிவு" என்றது ஒரு குரல்.

"போனை வைங்கண்ணே" என்று இன்னொரு குரல் கேட்டது, படியிலிருந்து.

கையில் மடித்த இரண்டு பேண்ட்டோடு அவர் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் வேர்வை, ஆனால் மூச்சு வாங்கவில்லை. கடைசிப் படியில் நின்று, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விலக்கி, ஏதோ ஒன்றைக் கழற்றி நீட்டினாள். கயிற்றில் கோத்திருந்த சின்னச் சாவி.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. இவர் நிறுத்தல, நான்தான் நிறுத்தினேன். பெரியவரை ஏத்திவிட்டுட்டுத்தான் நிறுத்தினேன், அவரைக் கேளுங்க."

செகரட்டரி போனைப் பார்த்தார். அது "ஹலோ, ஹலோ" என்றது. அணைத்தார்.

மெக்கானிக் மனைவியை நெருங்கி, மெல்லிய குரலில், "இது எப்படி உன் கையில?" என்றார்.

"உங்க பாக்கெட் ஓட்டையை யார் தைச்சதுன்னு நினைச்சீங்க?" என்றாள் அவளும் அதே குரலில். "உள்ளே இருந்ததை அப்பவே பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் திட்டிக்கிட்டே ஏறினேன்."

செகரட்டரிக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் இன்னும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தினம் இந்தப் படியைத் திட்டின ஒரே ஆள் நீங்கதானே. ஏறணும்னா நீங்க பாட்டுக்கு ஏறிட்டுப் போக வேண்டியதுதானே. எதுக்கும்மா லிஃப்ட்டை நிறுத்தினீங்க?"

அவள் கோபமாகவே சொன்னாள்:

"ஓடுற லிஃப்ட் கண்ணு முன்னால நின்னா, படி ஏற எனக்கு மனசே வர மாட்டேங்குதுண்ணே."