ஆறாவது கையெழுத்து

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தபாலில் வந்தது. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நான் மாலை வகுப்புக்குப் போகும் சின்னக் கல்லூரியின் விளையாட்டு அலுவலகம் எழுதியிருந்தது: ‘திருமதி சுந்தரேஸ்வரி, பௌலிங் அணியில் நீங்கள் இருப்பதை நேரில் வந்து உறுதிப்படுத்தவும்.’

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. (பௌலிங் என்றால் கிரிக்கெட் அல்ல. கனத்த பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்துவது. அதுவரை நான் அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை.)

2
இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பத்துக் கட்டைகளும் வெள்ளை உடுத்த பத்து…’ வேண்டாம். கட்டை கட்டைதான்.

என் பெயரை எழுதிக் கொடுத்தது கம்சனா. அணித்தலைவி, வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. போனில் கத்தினேன்.

“அன்ரி, ஆறு பேர் இல்லாட்டி கல்லூரி மண்டப வாடகை கட்டாது. அணியையே கலைச்சுப் போடுவினம். எங்களிட்ட அஞ்சு பேர்தான்.”

“அதுக்கு என்ர கையெழுத்தையும் நீயே வைச்சனீ?”

“ஓம். வடிவாத்தான் வைச்சனான்.”

பொய் எழுதுவது என் தொழில். இன்னொருத்தி என்னை வைத்து எழுதினால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

3
பெயரை வெட்டச் சொல்லத்தான் மண்டபத்துக்குப் போனேன். அங்கே பயிற்சியாளர் யூட்சன். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.) பகலில் டயர் மாற்றுகிறவர், நான்கு வருடமாகச் சம்பளமின்றிப் பழக்குகிறார். கள்ளக் கையெழுத்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

“அக்கா, வந்திட்டீங்களோ! சப்பாத்து அளவு எத்தினை?”

“முப்பத்தெட்டு” என்று என் வாய் சொல்லிவிட்டது.

முதல் பந்து ஓரத்துப் பள்ளமான கானுக்குள் போனது. இரண்டாவதும். மூன்றாவதில், ஓரத்துக் கட்டையொன்று கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. மற்றப் பிள்ளைகள் நான்கு பேரும் துள்ளினார்கள். யூட்சன் கை தட்டினார். கம்சனா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், கட்டிய சப்பாத்துக் கயிற்றையே திரும்பவும் கட்டினாள். பெயரை வெட்டச் சொல்லாமலே வீடு திரும்பினேன்.

(மூன்று கட்டை விழுந்ததாகவும் எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

4
டெர்மின், அதாவது நேரில் வரச் சொன்ன நாள், செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் கெஸ்லர் அம்மையார் பட்டியலை நீட்டினார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஓம்” என்றேன், ஜெர்மனில்.

வெற்றுத் தாளொன்றைத் தள்ளினார். “இதில் இன்னொரு தடவை வையுங்கள்.”

என் கையெழுத்து ஒரு கிறுக்கல். கம்சனா வைத்ததோ ஒவ்வொரு எழுத்தும் குண்டு குண்டாக, புள்ளி பிசகாமல். என் கையெழுத்தை நானே கள்ளமாக வைக்கவேண்டிய நிலை எந்த எழுத்தாளருக்கு வந்திருக்கும்? பட்டியலைப் பார்த்துக் குண்டு குண்டாகவே வைத்தேன்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு வசனம் சொன்னார்.

5
அந்த வசனத்தை எழுதமாட்டேன். அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவர்கள் இல்லையென்று விசாரித்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த வசனம் வெளியே வந்தால் அகப்படப்போவது கம்சனா; அதற்கு மேல் துணிவில்லை. உங்களைவிடக் கம்சனா எனக்கு முக்கியம், கோவிக்காதேங்கோ.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. மண்டபத்துக்கு வந்து, எங்கள் வரிசையில் ஐந்து பேரா ஆறு பேரா நிற்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.